நியூ ஆர்லியன்ஸ் காக்டெய்ல் டூர்: 612 டாலர் கட்டினோம், ஒருத்தரும் வரவில்லை

ஊரிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகிறது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுது என்கிறார் என் கணவர். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். நியூ ஆர்லியன்ஸ் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், அதுவும் அங்கே சாப்பாட்டு டூர், காக்டெய்ல் டூர் என்று போனில் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள், தயவுசெய்து படியுங்கள். எங்களுக்குப் போனது 612 டாலர்.

எங்கள் கல்யாண நாளுக்காகப் போன பயணம். நானும் கணவரும் ஹூஸ்டனில் இருக்கிறோம், அண்ணனும் அண்ணியும் டாலஸில். அவர்கள் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட, வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேரும் ஒரே காரில் கிளம்பினோம். ஐ-10 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம். குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நாங்கள் நால்வர் மட்டும் போவது இதுதான் முதல் தடவை.

டூர் வேண்டும் என்று சொன்னது நான்தான். காரணம் இருந்தது. கணவருக்கு இறால், நண்டு வகையறா சேராது. ஒருமுறை உதடு வீங்கி அவசர சிகிச்சைப் பிரிவு வரை போயிருக்கிறோம். நியூ ஆர்லியன்ஸில் இறால் எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. கோழி கம்போ (சோற்றோடு சாப்பிடும் அந்த ஊர்க் கெட்டிக் குழம்பு) என்று போட்டிருப்பார்கள், அடியில் இறால் தலை போட்டுக் காய்ச்சிய சாறு இருக்கும். உருளைக்கிழங்கு வறுத்த எண்ணெயிலேயே இறாலையும் பொரிப்பார்கள். அண்ணியோ சுத்த சைவம். இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அந்த ஊரில் சாப்பிட வேண்டுமென்றால் உள்ளூர் ஆள் ஒருவர் துணை வேண்டும் என்று நினைத்தேன்.

சுற்றுலா நிகழ்ச்சிகளை விற்கும் பெரிய செயலிகளில் ஒன்றில்தான் பதிவு செய்தேன். பேர் சொல்லவில்லை, உங்களில் பாதிப் பேர் போனில் இருப்பதுதான். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் மூன்று மணி நேர நடை, நாலு இடத்தில் சாப்பாடு, மூன்று இடத்தில் காக்டெய்ல். 4.9 நட்சத்திரம். ஆளுக்கு 59 டாலர், நாலு பேருக்கு 236. கிரெடிட் கார்டில் கட்டினேன். அதுவரை எல்லாம் சரி.

வியாழக்கிழமை இரவு பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டூர் வழிகாட்டி பேசுகிறேன் என்றார். என் பெயர், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எல்லாம் சரியாகச் சொன்னார். நிதானமான குரல், வார்த்தைக்கு வார்த்தை 'மேம்'. முதல் கேள்வியே, "யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா?" என்பதுதான். சொன்னேன். உடனே, "அப்படியானால் உங்கள் கணவரைக் கம்போ பக்கமே விட வேண்டாம், ரோஸ்ட் பீஃப் போ'பாய் வாங்கித் தருகிறேன், பொரிக்கிற வேலையே இல்லாதது" என்றார். 1929இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாண்ட்விச்தான் போ'பாய் என்று கதை சொன்னார். அண்ணிக்குக் கறி, மீன் எதுவும் சேர்க்காத கீரை கம்போ ஒரு சமையற்காரர் தனியாகச் செய்து தருவார் என்றார். கம்போ என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயின் பெயர்தான் என்றும் சொன்னார். நான் உருகிப்போய், எங்கள் வீட்டிலும் வெண்டைக்காய்க் குழம்பு வைப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் பேசினார். ஸ்பீக்கரில் போட்டு நாலு பேரும் கேட்டோம்.

கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். மான்டிலியோன் ஹோட்டலில் சுற்றுகிற பார் ஒன்று இருக்கிறது, குடைராட்டினம் மாதிரி, மொத்தமே 25 நாற்காலி, சனிக்கிழமை இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, உங்களுக்காக நாலு நாற்காலி பிடித்து வைக்கிறேன், ஆளுக்கு 94 டாலர் முன்பணம், அதைக் குடிக்கிற பில்லில் கழித்துக்கொள்ளலாம். இரவு ஒன்பதுக்குள் அனுப்பிவிடுங்கள். செயலியில் கட்ட வழியில்லை, வங்கி ஆப்பிலிருந்து இந்த நம்பருக்கு நேராக அனுப்புங்கள் என்றார்.

நம்பரைப் போட்டதும் வேறொரு பெண் பெயர் வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "பாப்பா, பேரு வேற மாதிரி இருக்கே" என்றான். நான் அதையும் கேட்டேன். "என் மனைவி, கணக்கு வழக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள் மேம்" என்று பதில் வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே என்று எனக்குத் தோன்றியது. அனுப்புவதற்கு முன்னால் ஆப் ஒரு மஞ்சள் பெட்டியைக் காட்டியது: உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பணம் அனுப்பவும், அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. அந்தப் பெட்டியைப் படித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, முழுக்கப் படித்தேன். படித்துவிட்டு, இருபது நிமிடம் பேசியவர் நமக்குத் தெரிந்தவர்தானே என்று கட்டை விரலால் அதைத் தள்ளிவிட்டு 376 டாலரை அனுப்பினேன். 236ம் 376ம் சேர்த்து 612.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கே ஜாக்சன் சதுக்க வாசலில் நின்றோம். டூரில் சாப்பிடப் போகிறோமே என்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோவேறு கழுதை வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன, பின்னால் செயின்ட் லூயிஸ் பேராலயம், பக்கத்தில் டிரம்பெட் வாசிக்கிறார்கள். நல்ல வெயில், உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. 4:10க்கு ஒரு செய்தி: முந்தின குழு தாமதம், ஐந்து நிமிடம். 4:35க்கு இன்னொன்று: ராயல் தெரு முனைக்கு வந்துவிடுங்கள். போனோம். அங்கே யாரும் இல்லை. கூப்பிட்டால் வாய்ஸ்மெயில். 5:02க்குச் செயலியிலிருந்து அறிவிப்பு வந்தது: 'நீங்கள் டூருக்கு வரவில்லை என்று குறிக்கப்பட்டுள்ளது.'

வரவில்லையாம். நாலு பேர் வெயிலில் நிற்கிறோம்.

சந்திக்க வேண்டிய இடத்திலிருந்து எங்களைக் கிளப்பியது அதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. திரும்ப சதுக்கத்துக்கு ஓடினோம், 5:20 வரை நின்றோம். அண்ணிக்குக் கால் வீங்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதிரே இருந்த கஃபே டு மாண்டில் போய் உட்கார்ந்தோம். 1862லிருந்து இருக்கிற கடை. சூடான பெனியே (எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம்), மேலே மலை மாதிரி சர்க்கரைத்தூள், சிக்கரி போட்ட காபி. சிக்கரி வாசனை வந்ததும் ஊர் ஞாபகம். அழுதுவிட்டேன்.

ராத்திரி எங்கள் காசிலேயே அந்தச் சுற்றுகிற பாருக்குப் போனோம், போயே தீருவது என்று அண்ணன் சொன்னதால். அங்கேதான் இரண்டாவது அடி. அங்கே முன்பதிவே கிடையாது. நாற்காலி காலியானால் உட்கார வேண்டியதுதான். முக்கால் மணி நேரம் நின்று இடம் பிடித்தோம். 1949லிருந்து சுற்றுகிறது அது, கால் மணி நேரத்துக்கு ஒரு சுற்று. வியூ கரே என்ற காக்டெய்ல் 1930களில் இந்த ஹோட்டலில்தான் பிறந்தது. கணவர் அதைக் குடித்தார், நான் சாஸரக் கேட்டேன். லூசியானா சட்டமன்றம் 2008இல் நியூ ஆர்லியன்ஸின் அதிகாரபூர்வ காக்டெய்லாக அறிவித்தது அதைத்தான்.

அதைப் போடுகிற விதத்தை அந்த மனிதன் போனில் எனக்கு விவரித்திருந்தான். (இனி மரியாதை கிடையாது.) அப்படியே கண் முன்னால் நடந்தது. பார்க்காரர் சர்க்கரைக் கட்டியில் பெய்ஷோ பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு விட்டுச் சிவக்க நசுக்கினார், ரை விஸ்கி ஊற்றி ஐஸோடு கலக்கினார். குளிர வைத்த இன்னொரு கிளாஸில் சோம்பு மணக்கும் ஹெர்ப்சேண்ட் என்ற மது கொஞ்சம் விட்டுச் சுழற்றி மிச்சத்தைக் கொட்டினார். கலக்கியதை அதில் வடித்து, எலுமிச்சைத் தோலை விளிம்பின் மேல் முறுக்கினார். ஒரு வரி மாறவில்லை. ஊரைப் பற்றி அவன் சொன்ன கதையெல்லாம் உண்மை, அதை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன். நல்ல காக்டெய்ல். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் கணவர் ரோஸ்ட் பீஃப் போ'பாய் சாப்பிட்டார், அதுவும் நானே சமையலறை வரை போய் இறால் படாதது என்று கேட்டு உறுதி செய்த பிறகு. அண்ணிக்கு இரண்டு நாளும் பெனியே, சாலட், ரொட்டிதான். கீரை கம்போ எங்கேயும் கறி இல்லாமல் கிடைக்கவில்லை. போர்பன் தெருவில் ஒருவன் வந்து, உன் ஷூவை எங்கே வாங்கினாய் என்று சொல்கிறேன், 20 டாலர் பந்தயம் என்றான். ஆங்கிலத்தில் அவன் கேட்பது 'got', அதற்கு வாங்கினாய் என்றும் பொருள், வைத்திருக்கிறாய் என்றும் பொருள். உன் காலில், போர்பன் தெருவில் என்பதுதான் பதில். அந்த ஊரில் பழைய ஏமாற்று. அண்ணன் அவனைத் தாண்டி நடந்தான். தெருவில் நிற்கிறவனிடம் 20 டாலர் ஏமாறாத நாங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து 612 டாலர் கொடுத்திருக்கிறோம்.

இனி செயலிக்காரர்களின் கதை. சனிக்கிழமை இரவு புகார் போட்டேன். முதலில் இயந்திரம் பேசியது: உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம். அப்புறம் ஒரு ஆள் வந்தார், 48 மணி நேரம் பொறுங்கள் என்றார். திங்கட்கிழமை வேறொரு ஆள்: நீங்கள் வரவில்லை என்று டூர் நடத்துபவர் குறித்திருக்கிறார், வராதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. ஜாக்சன் சதுக்கத்தில் எடுத்த படத்தை நேரத்தோடு அனுப்பினேன், ராயல் தெருவுக்கு வரச் சொன்ன செய்தியையும் அனுப்பினேன். படம் இருப்பதால் நீங்கள் டூருக்கு வந்தீர்கள் என்று ஆகாது என்று பதில். 376 டாலரைப் பற்றிக் கேட்டால், எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த பரிமாற்றம், எங்களுக்குச் சம்பந்தமில்லை. என் போன் நம்பரையும் பதிவு விவரத்தையும் அவனுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அதற்கு மட்டும் இன்று வரை பதில் இல்லை. புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது, புகார் முடிக்கப்பட்டுவிட்டதாம். எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கீழே ஒரு கேள்வி.

வங்கியில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். நீங்களே அனுப்பியது, எச்சரிக்கையும் காட்டினோம், திரும்ப வராது. அவ்வளவுதான். கார்டில் போன 236க்கு மட்டும் ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறேன், விசாரிக்கிறார்களாம்.

"விடும்மா, ஆளுக்கு 153 டாலர், கல்யாண நாள் செலவுன்னு வெச்சுக்கலாம்" என்கிறார் கணவர். எனக்கு விட முடியவில்லை. ஒவ்வாமை இருக்கிறது என்று சொன்ன என் பயத்தையே பிடித்து 612 டாலர் வாங்கியிருக்கிறான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாக நாலு வார்த்தை. செயலியில் பதிவு செய்தால் செயலிக்குள் மட்டும் பணம் கட்டுங்கள். உங்கள் விவரம் தெரிந்து பேசுகிறார் என்பதற்காக நம்பாதீர்கள், அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. பார், ஓட்டல் என்று பேர் சொல்லி முன்பணம் கேட்டால் அந்த இடத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள், எனக்கு இரண்டு நிமிட வேலை, செய்யவில்லை. நியூ ஆர்லியன்ஸில் காசுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவர் நகர நிர்வாகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும், அந்த எண்ணை முதலிலேயே கேளுங்கள். கார்டில் கட்டியது என்றால் பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். நுகர்வோர் ஏமாற்றுப் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் புகார் பதியலாம், நேற்று பதிந்தேன்.

இன்னொன்று. அந்த டூருக்குக் கீழே விமர்சனம் எழுதப் போனேன். டூரில் கலந்துகொண்டவர்கள் மட்டுமே எழுத முடியும் என்று வந்தது. 'வரவில்லை' என்று குறித்துவிட்டால் எழுதவே முடியாது. 4.9 எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்று காலையும் பார்த்தேன், அது அப்படியே இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை 4 மணிக்கு இன்னும் இரண்டு இடம்தான் மீதி என்று சிவப்பில் காட்டுகிறது.