தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு: வாடகை வேன் எப்படி?

மலேசியாவின் கேமரன் மலைக்கு இப்போது நிறைய பேர் சிம்பாங் பூலாய் பக்கமாகத்தான் ஏறுகிறார்கள். சாலை அகலம், முடக்குகள் குறைவு, சரிதான். ஆனால் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலைதான், 59ஆம் எண் கூட்டரசு சாலை. அதிலும் சொந்தக் காடியில் போகாமல் தாப்பாவிலேயே வேன் பிடித்துப் போங்கள். ஓட்டுகிறவருக்கு அடுத்த முடக்கைத் தவிர வேறெதையும் பார்க்க நேரமிருக்காது.

எங்களுக்கு வேன் ஓட்ட வந்த அண்ணன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், முன்பு மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவராம். எதிரே வருவது தெரியாத ஒவ்வொரு முடக்கிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திருப்பினார், இறங்கும்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து மெதுவாக இறக்கினார். கிளம்பும்போதே, "வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்கம்மா, நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

செம்பனை முடிந்து மூங்கில் தொடங்கியதும் ஏர்கோனை அடைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஈர இலை வாசம் உள்ளே வந்தது. அதற்கு மேல் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன, வெகு உயரம் வரை ஒரு கிளைகூட இல்லை, கவைகளில் பெரணி கூடு கட்டினாற்போல் உட்கார்ந்திருக்கிறது, உச்சியைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டும் (நீட்டாதீர்கள், லோரி வரும்). லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே விழுகிறது. அங்கே நின்று காலை நனைத்துவிட்டு, பூர்வகுடி மக்களின் கடையில் பெத்தாய் (வாடை தூக்கலான ஒரு அவரை வகை) வாங்கினோம். ரிங்லெட்டை நெருங்கும்போது மரப்பெரணிகள் குடை விரித்து நிற்கும், குளிர் ஏறிவிடும், சட்டை எடுத்து வையுங்கள்.

குறையும் உண்டு. பின்வரிசை ஜன்னல் திறக்காது, அங்கே உட்கார்ந்த என் அக்காவும் பிள்ளையும் பாதி வழியிலேயே வாடிப்போனார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வர ஒரு நாள் ஆகிறது, போன் போடுவதே மேல்.

காலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள், ஆனால் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் சாலையில் மூங்கில் சாய்ந்து கிடக்கும், மண்ணும் சரியும். வயதானவர்கள் வந்தால் முன்னிருக்கையை முன்கூட்டியே கேட்டு வைத்துவிடுங்கள்.