பூனையின் பருவத்தை அடக்கும் மாத்திரை: இளம் பூனைக்கு வேண்டவே வேண்டாம்

பெண்பூனை பருவத்துக்கு வந்து இரவெல்லாம் கத்தும்போது, அதை நிறுத்துவதற்காகச் சிலர் வாங்கிக் கொடுக்கும் மெஜஸ்ட்ரால் அசிடேட் மாத்திரையைப் பற்றியது இந்த மதிப்புரை. கத்தலும் தரையில் புரள்வதும் சில நாள்களில் அடங்கிவிடுகின்றன. கருத்தடை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் கைச்செலவும் குறைவு. ஆயினும் இளம் பூனைக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இது புரோஜெஸ்டரோன் ஹார்மோனைப் போலச் செயல்படும் செயற்கை மருந்து. மனிதர்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகத் தரப்படுவது. பூனையின் உடலில் இது சினைக்காலத்தை ஒத்த நிலையை உண்டாக்குவதால், பால்மடிகள் அளவுமீறி வளரக்கூடும். கருப்பையின் உட்சவ்வு தடித்து, அங்கே கிருமி நுழைந்தால் சீழ் கோத்துக்கொள்ளும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது என்பதால், தீனி மறுத்து, தண்ணீர் மிகுதியாகக் குடித்து, வயிறு உப்பிச் சோர்ந்து கிடக்கும் பூனையை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்க வேண்டும். நீரிழிவும் இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு.

எங்களிடம் வந்து சேர்ந்த, ஒரு வயது நிறையாத பூனைக்கு, முன்பு வளர்த்தவர்கள் இம்மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்திருந்தார்கள். அதன் மடிகள் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, தோல் சிவந்து, தரையில் உரசிப் புண்ணாகியிருந்தன. புற்றுநோயோ என்று அஞ்சினோம். மருத்துவர் வயதையும் மருந்து கொடுத்த விவரத்தையும் கேட்டறிந்து, இது மடித்திசுவின் மிகைவளர்ச்சி என்று விளக்கினார். மாத்திரை நின்றது, வீங்கிய மடிகளில் கத்தி படாமலிருக்க, அடிவயிற்றுக்குப் பதிலாக விலாப்பக்கம் கீறிக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. வீக்கம் வற்றப் பல வாரங்கள் ஆயின. அவ்வளவு சின்ன உயிர் அத்தனை வலியைப் பட்டிருக்கவே வேண்டியதில்லை.

பூனைகள் 4 மாதத்திலேயே பருவமடையக்கூடும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் பருவம் திரும்பவும் வரும். எனவே மாத்திரையும் திரும்பத் திரும்பத் தேவைப்படும், ஆபத்தும் கூடிக்கொண்டே போகும். கருத்தடை அறுவை சிகிச்சையோ ஒரே முறை செய்வது. அதை 6 மாதத்துக்குள் செய்துவிட்டால் மடிப் புற்றுநோயின் வாய்ப்பு 91 விழுக்காடு குறைவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. பூனைகளின் மடிக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுக்கட்டிகளே என்பதால் இது சிறிய இலாபமன்று.

ஏற்கெனவே இம்மாத்திரையைக் கொடுத்திருப்பவர்கள், எத்தனை, எப்போதிலிருந்து கொடுத்தோம் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மடிகளையும் பின்புறத்தையும் நாள்தோறும் பார்த்துவாருங்கள்.