'மாடர்ன் சி' வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"சி11, சி17 வரை முழுசாகச் சொல்லித் தருகிறோம்" என்று சி புரோகிராமிங் மொழியின் பதிப்புகளைச் சொல்லி விளம்பரம் செய்யும் ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனத்துக்கு ஆறாயிரம் ரூபாய் கட்டினேன். பாடத்திட்டத்தில் 'டைப்-ஜெனரிக் ஃபங்ஷன்கள்' என்று தனி அத்தியாயமே போட்டிருந்தார்கள். முழு எண் (இன்ட்), தசம எண் (டபுள்) என எந்த டைப் வந்தாலும் ஒரே பெயரில் கூப்பிடுகிற ஃபங்ஷன்கள் அவை. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

உள்ளே இருந்தது இரண்டே சரக்கு. ஒன்று, இரண்டில் பெரியதைத் தரும் மேக்ஸ் மேக்ரோ. மேக்ரோ என்றால், கொடுத்ததை அப்படியே கோடில் ஒட்டிவிடும் சுருக்கம். எந்த டைப்புக்கும் ஓடுமாம். ++ என்றால் ஒன்று கூட்டு என்று அர்த்தம். மேக்ஸ்(ஐ++, ஜே) என்று எழுதி, ஐ பெரியதாக இருந்துவிட்டால் அது இரண்டு முறை கூடிவிடும். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்தது க்யூசார்ட், சி-யோடு வரும் வரிசைப்படுத்தும் ஃபங்ஷன். டைப் குறிப்பிடாத முகவரியான வாய்ட் பாயின்டர் வாங்குவதால் எந்த அரேயையும் (ஒரே டைப் மதிப்புகளின் தொகுப்பையும்) வரிசைப்படுத்தும். சரி, உண்மைதான். ஆனால் டபுள் அரேக்கு, இரண்டு இன்ட்டை ஒப்பிடும் கம்பேர் ஃபங்ஷனைக் கொடுத்தாலும், கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாதே! அவர்கள் தந்த மாதிரி ஃபங்ஷனோ ஏ-யிலிருந்து பி-யைக் கழித்து அப்படியே ரிட்டர்ன் செய்கிறது. பெரிய நெகட்டிவ் எண்ணிலிருந்து பெரிய பாசிட்டிவ் எண்ணைக் கழித்தால், விடை இன்ட்டுக்குள் அடங்காமல் ஓவர்ஃப்ளோ. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற கோடு இது.

டைப்பைப் பார்த்துத் தேர்வு செய்ய 2011-லேயே வந்துவிட்ட _ஜெனரிக் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் சி++ டெம்ப்ளேட் சார், இங்கே வராது" என்றார் பயிற்சியாளர். சி++ வேறு மொழி; இது சி ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது ஐயா! கொடுத்த எக்ஸ்பிரஷனை ஓட்டாமலே அதன் டைப்பை மட்டும் கம்பைல் நேரத்தில் பார்க்கும். உதாரணத்துக்கு சைன் கணக்கிட, தசம எண் டைப் ஃப்ளோட் என்றால் சைன்எஃப், டபுள் என்றால் சைன், லாங் டபுள் என்றால் சைன்எல் என்று ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கும். இதை ஒரு மேக்ரோவுக்குள் வைத்துவிட்டால் கூப்பிட ஒரே பெயர் போதும். தேர்வானது நிஜ ஃபங்ஷன் என்பதால் ++ ஒருமுறைதான் ஓடும். கணித ஃபங்ஷன்களுக்கு இந்த வசதி முந்தைய பதிப்பான சி99-இன் டிஜிமேத் ஹெடரிலேயே (கோடில் சேர்த்துக்கொள்ளும் கோப்பிலேயே) வந்துவிட்டது. நாமே எழுதிக்கொள்ள வழி கொடுத்தது சி11. முழு அத்தியாயமும் இதைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதல் வீடியோவைத் திறந்துவிட்டாலே ரீஃபண்ட் கிடையாதாம். அந்த நிபந்தனையைக் கட்டணப் பக்கத்தில் எங்கேயும் போடவில்லை.

இலவச டெமோ வகுப்பு ஒன்று வைக்கிறார்கள். போகிறவர்கள் இதைக் கேளுங்கள்: கேரக்டருக்கு ஒரு கிளை, இன்ட்டுக்கு ஒரு கிளை வைத்த _ஜெனரிக்கிடம் ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் எழுத்தைக் கொடுத்தால் எந்தக் கிளைக்குப் போகும்? சி-யில் அது இன்ட். கேரக்டர் என்று பதில் வந்தால், அது சி++ கதை, மீட்டிங்கை மூடிவிடுங்கள்.