ஐந்து மழைக்காலம்: மேல்மலைக் குளங்களுக்குத் தூக்கிப் போன சாமான்களில் தாங்கியதும் தாங்காததும்

போன ஆவணியில் பரணிலிருந்து ரெயின்கோட்டை எடுத்து உதறினால் அது விரியவே இல்லை. கை இரண்டும் முதுகுப் பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தன. பிய்த்து எடுத்ததும் உள்பூச்சு செதில் செதிலாகக் கொட்டியது. புளித்துப்போன மாவுச் சட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை வேறு. நாலாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கியது. கடைசியாக அதைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றபோது ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அப்படியானால் அதைக் கொன்றது மலை மழை இல்லை, மதுரையில் எங்கள் வீட்டுப் பரண்.

மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் 'எந்தக் கோட்டு மழை தாங்கும்' என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். பதினொரு பயணம் முடிந்த பிறகு கணக்குப் பார்த்தால், மழையால் செத்தது ஒரு ஜோடி ஷூ மட்டும். மற்றதைக் கெடுத்தது மழை இல்லை, வீட்டில் வைத்த விதமும் என் கவனக்குறைவும்தான்.

கொடைக்கானல் மேல்மலைக் குளங்களுக்கு மீன் பிடிக்கப் போவதை நானும் சகலையும் 2021 ஐப்பசியில் ஆரம்பித்தோம். மதுரை கடல் மட்டத்துக்கு மேலே நூறு மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆரப்பாளையத்தில் சட்டை நனைய வியர்த்து பஸ் ஏறுகிறவன், வத்தலக்குண்டு தாண்டிப் பெருமாள்மலை வருவதற்குள் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிடுவான். அந்த இரண்டாயிரம் மீட்டர் ஏற்றத்தில் நம் உடம்பு படுகிற பாட்டைத்தான் சாமானும் படுகிறது. பழனி மலைத் தொடருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு வரும். நாங்கள் போவதும் அப்போதுதான். கூட்டம் இருக்காது, ரூம் மலிவு, கெண்டை வாய் திறக்கும்.

கொடைக்கானல் டவுன் ஏரி பக்கம் நாங்கள் போவதில்லை. நம் மதுரைக்குக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உண்டாக்கிய ஏரி அது. படகுக்கும் சைக்கிளுக்கும் சரி. எங்களுக்குப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று மேல்மலை. அந்தப் பக்கத்தில் ஒரு ஊர்க் குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெரியவரிடம் சொல்லிவிட்டு, காசு கொடுத்துத்தான் தூண்டில் போடுகிறோம். எந்தக் குளம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. பேரிஜம் ஏரிப் பக்கம் தூண்டிலோடு போகிற யோசனையே வேண்டாம். அது காட்டிலாகா அனுமதி வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம், பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் காட்டுக்குள் நடக்கிறவர்களை யாரும் விளையாட்டாகப் பார்ப்பதில்லை. காட்டுப் பாதையில்தான் நடக்க வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் அரசு திறந்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. நாங்கள் ஊர் ரோட்டிலும் பூண்டு வயல் வரப்பிலும் நடந்து, ராத்திரி ஊருக்குள்ளேயே ரூம் எடுக்கிற ரகம். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் போட்டுவிடுங்கள். 2024 மே 7 முதல் அது கட்டாயம்.

இனி சாமான். பெரிய செலவு கோட்டு என்றாலும் அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது தூண்டில்தான்.

ஏழு அடி மடக்குத் தூண்டில், ரீலோடு சேர்த்து 1,350 ரூபாய். மடக்கினால் முழங்கை நீளம், பைக்கு வெளியே நீட்டாது. பஸ்ஸில் பக்கத்து ஆளின் கண்ணைக் குத்தாது. முதல் வருஷம் குறையே இல்லை. இரண்டாம் வருஷம் கோடையில் வைகை அணைப் பக்கம் எடுத்துப் போனதில் மணல் உள்ளே போய், கணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டன. சைக்கிள் ட்யூப்பில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் சுற்றிப் பிடித்து முறுக்கினால் வரும். இடுக்கி போடாதீர்கள், கண்ணாடி நார், நொறுங்கிவிடும். நுனி வளையத்துக்குள் இருக்கிற பீங்கான் சில்லு ஒரு நாள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. தெரியாமல் அப்படியே போட்டேன். வெறும் தகர விளிம்பு தங்கூசை, அதாவது தூண்டில் நரம்பை, அரத்தால் ராவுகிற மாதிரி ராவி, அன்றைக்கு இரண்டு மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போயின. இப்போது ஒவ்வொரு தடவையும் கட்டுவதற்கு முன்னால் நுனி வளையத்துக்குள் பஞ்சைச் சுற்றிப் பார்க்கிறேன். பஞ்சு இழை பிடித்துக்கொண்டால் வளையம் போச்சு என்று அர்த்தம்.

ரீல் கதை வேறு. 2022 கார்த்திகை. கிளம்புகிற அவசரத்தில் ரீலுக்கு எண்ணெய் விட ஒன்றும் கிடைக்கவில்லை. அடுப்படியில் தேங்காய் எண்ணெய் இருந்தது, தாராளமாக விட்டேன். மதுரையில் சுற்றிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் விடியற்காலை, குளத்தில் தண்ணீர் எது, மூட்டம் எது என்று தெரியாத நேரம், கைப்பிடியைச் சுற்றினால் அசையவே இல்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே பல் சக்கரங்களுக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று கட்டியாக இருந்தது. தேங்காய் எண்ணெய் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

பெரியவர் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றார். ரீலை வாங்கி மோந்து பார்த்தார்.

"என்ன தம்பி, மிஷினுக்குத் தலைக்கு எண்ண வச்சுக் கூட்டியாந்திருக்கீக?"

சகலை சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. ரீலை அக்குளில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். அதற்குள் பெரியவர் ஒரு பால் பவுடர் டப்பாவில் சுற்றிய தங்கூசை எடுத்து, மண்புழு கோத்து, கம்பும் இல்லாமல் ரீலும் இல்லாமல் கையாலேயே வீசினார். நடுக் குளத்துக்கு இல்லை, பத்தடி தள்ளி வாய்க்கால் தண்ணீர் செம்மண்ணாக வந்து விழுகிற இடத்தில். "மழ நாள்ல மீனு நடுவுல என்னத்துக்குக் கெடக்குது? சோறு வர்ற வாசல்லதேன் நிக்கும்." புழுவும் பூச்சியும் அடித்துக்கொண்டு வருவது அந்த வழியாகத்தானே. தக்கை ஒரே இழுப்பில் உள்ளே போகவில்லை. முதலில் லேசாகத் தூக்கிப் படுத்தது, பிறகு நகர்ந்தது. கெண்டை அடியில் மேய்கிற மீன். இரையை உறிஞ்சி ஈயக்குண்டோடு தூக்கும்போது தக்கை படுக்கும். அந்த நேரத்தில் இழுக்க வேண்டும். ஒன்றே கால் கிலோ இருக்கும், தங்க நிறச் செதில், வாயோரம் மீசை. என் ரீல் இளகி வருவதற்குள் அவர் மூன்று எடுத்துவிட்டார்.

அதிலிருந்து தையல் மெஷின் எண்ணெய்தான். மூன்று வருஷமாகிறது, ஒரு பிரச்சினை இல்லை.

பை: நாற்பத்தைந்து லிட்டர். கூடவே ஒரு மழை உறை கொடுத்தார்கள். அது வெளிப்பக்கத்தைத்தான் மூடும். தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கும் பைக்கும் நடுவில் இறங்கி, பட்டை வழியாக உள்ளே போகும். முதல் பயணத்திலேயே மாற்று உடுப்பு நனைந்தது. சகலை அரிசி மூட்டைக்குள் இருக்கும் பாலித்தீன் பையைப் பைக்குள் இறக்கி, வாயை முறுக்கிக் கட்டினார். செலவு பூஜ்யம். ஐந்து வருஷத்தில் அதற்குப் பிறகு உள்ளே நனைந்ததே இல்லை. இந்தப் பையின் உள்பூச்சும் உரிந்துவிட்டது, ஆனால் பாலித்தீன் இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. தோள்பட்டைத் தையல் மூன்றாம் வருஷம் விட்டது. மதுரைப் புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர் ஒருவர் கெட்டி நூலில் அடித்துக் கொடுத்தார், அந்த இடம்தான் இப்போது பையிலேயே உறுதியான இடம்.

ஷூவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒட்டிய அடி, ஊறிப் பிரிந்தது. தோட்ட வேலைக்காரர்கள் போடும் கம்பூட்ஸ் வாங்கிவிட்டேன். நடக்கக் கனம், ஆனால் அட்டை ஏறாது. சகலை காலில் மூக்குப்பொடி தடவிக்கொள்கிறார். அட்டைக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகிவிடுகிறது.

கோட்டுக்கு வருகிறேன். அதன் உள்ளே தடவியிருப்பது பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்து மாசக்கணக்கில் இருந்தால், தண்ணீரே அதன் கட்டுமானத்தை உடைக்கும். முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் வாடை, அப்புறம் செதில். நான் செய்தது என்ன? மலையில் இருந்து வந்த அலுப்பில் 'மேலோட்டமாகக் காய்ந்துவிட்டது' என்று மடித்து, கவரில் திணித்து, மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில் போட்டேன். சித்திரையில் அந்தப் பரணில் கை வைத்தால் தோசைக் கல். எட்டு மாசம் அங்கே வேக வைத்துவிட்டு, கடைக்காரரைத் திட்டி என்ன செய்ய? வாங்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் மட்டும் உண்டு.

போன வருஷம் மாற்றாக வாங்கியது 1,100 ரூபாய் பிவிசி பைக் கோட்டு. உரிகிற பூச்சு கிடையாது. ஆனால் ஏற்றத்தில் உள்ளே வியர்வை ஓடுகிறது. ஒரு மணி நேரம் நடந்தால் மழையில் நனைந்தவனுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது. தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க இதுவே போதும். நாளெல்லாம் நடக்கிறவர்கள் பழைய மாதிரி கோட்டையே வாங்குங்கள், வந்த ராத்திரியே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவீர்கள் என்றால்.

இப்போது எங்கள் வீட்டில் கோட்டு மடிக்கப்படுவதில்லை. ஹாலில் மின்விசிறிக்கு எதிரே கொடியில் ஹேங்கரோடு தொங்குகிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மாமியார் யாரோ ஆள் நிற்பதாக நினைத்து ஒரு தடவை சத்தம் போட்டுவிட்டார். அதிலிருந்து பீரோ கதவுக்குப் பின்னால் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.