ஜெலுத்தோங்கில் செய்து வாங்கிய பல்லாங்குழி

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வாங்கிய மடக்குப் பல்லாங்குழிக்கு இரண்டே வாரத்தில் கீல் கழன்றுவிட்டது. மீன் வடிவம், மேலே மயில் படம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குழிகளோ சோழி போடும் அளவுக்குத்தான். அம்மா ஒரு முறை விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ரப்பர் கொட்டைய எப்படிம்மா போடுறது?" என்றார். அலைச்சல் அங்கே ஆரம்பித்தது.

அம்மாவுக்கு 74 வயது. கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் மண்ணைக் குழித்து, ரப்பர் கொட்டையை வைத்துத்தான் பாட்டியோடு ஆடியிருக்கிறார். தாத்தா ஆயுசு முழுக்க மரம் வெட்டினார் என்று சொல்வோம். பால் வெட்டினாரே தவிர, ஒரு மரத்தையும் சாய்த்தவரில்லை. அதனால் பலகை ரப்பர் மரத்திலேயே இருக்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஒரு தச்சுப் பட்டறை இருப்பதாகத் தோழி சொன்னாள். பெயர்ப்பலகை இல்லை. எழுபதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவர், ஒரு மேசை விசிறி, முழங்கால் வரை மரத்தூள். முன்பு ஜார்ஜ்டவுனில் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தாராம். வாடகைக் கட்டுப்பாடு 2000இல் அடியோடு போனதும் வாடகை ஏற, இங்கே வந்துவிட்டார். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அவர் அங்கே இல்லை. அவருடைய பழைய கடை இப்போது காப்பிக் கடை. சுவரில் அலங்காரத்துக்கு ஒரு ரம்பம் மாட்டியிருக்கிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என்ன வேண்டும் என்று மலாயில் விளக்கினேன். "சொங்காக்கா?" என்று இழுப்பறையைத் துழாவி, 1989 வரிசை மலேசியப் பத்துக் காசு நாணயம் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். ஆமாம், அதில் இருப்பது மலாய்க்காரர்களின் பல்லாங்குழியான சொங்காக்தான், எத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் நான் கவனித்ததில்லை. நமக்கு வேண்டியது இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, அவ்வளவுதான் என்றேன். சொங்காக்கில் இரு முனையிலும் ஒரு பெரிய குழி உண்டு, அதை 'ரூமா', அதாவது வீடு என்பார்கள். சேர்த்த கொட்டை அதில் போகும். "வீடு இல்லாவிட்டால் ஜெயித்ததை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். "மடியில்தான் அங்கிள்" என்றேன்.

மரம் பற்றிய பேச்சுதான் நீண்டது. ஊருக்கே பெயர் கொடுத்த ஜெலுத்தோங் மரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லேசானது, உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ததும் அதன் பாலில்தான். எனக்கு ரப்பர்தான் வேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். சாய்த்த கையோடு மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். அதனால்தான் 25, 30 வயதாகிப் பால் குறைந்த மரங்களை அந்தக் காலத்தில் பெரும்பாலும் விறகாக எரித்தார்கள். மருந்தேற்றும் முறை வந்த பிறகுதான் அது நாற்காலியும் மேசையுமாகிக் கப்பலேறியது. அகலமான பலகை அதில் கிடைப்பது அரிது, சட்டங்களை ஒட்டித்தான் தருவார்கள்.

விலை 180 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 80, இரண்டு வாரத்தில் தருவதாகப் பேச்சு.

மூன்றாவது வாரம் போனேன், மரமே வந்திருக்கவில்லை. போன் செய்து சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. ஐந்தாவது வாரம் பலகை தயார். விளிம்பெல்லாம் வழவழவென்று அருமையாக இழைத்திருந்தார். ஆனால் குழிகளைத் துளைக் கருவியால் போட்டிருந்தார்: செங்குத்துச் சுவர், தட்டை அடி. பல்லாங்குழி ஆடியவர்களுக்குத் தெரியும், குழியை வழித்து அள்ளுவதில்தான் ஆட்டத்தின் வேகமே இருக்கிறது. கடைசிக் கொட்டை போட்டு, அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவி, அதற்கடுத்த குழியை அள்ளுவோமே, அந்தத் தடவலுக்கு வளைவு வேண்டாமா? மைலோ டின்னில் கொண்டுபோயிருந்த ரப்பர் கொட்டைகளை ஒரு குழியில் கொட்டி, அள்ளிப் பாருங்கள் என்றேன். அங்கிள் அள்ளினார். இரண்டு கொட்டை மூலையில் சிக்கிக்கொண்டன. ஒன்றும் பேசாமல் பலகையைப் பிடுங்கிக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை வா, தங்கச்சி" என்றார்.

சனிக்கிழமை பதினான்கு குழியும் கிண்ணம் போல வளைந்திருந்தன. வளைந்த உளியால் கையாலேயே குடைந்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசியிருந்தார். கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை. குழிக்குள் உளி போன தடம் விரலுக்கு லேசாகத் தட்டுப்படுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, என் தங்கைக்குப் பிடிக்கவில்லை.

குறை சொல்ல இன்னும் இரண்டு உண்டு. ஒட்டுச் சட்டங்களின் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. ஒரே மரத்துண்டு என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். ஒரு மூலையில் நீலம் பாரித்த கறை வேறு, அது பழைய பூஞ்சையின் அடையாளம், இழைத்தாலும் போகாது என்றார். பணமாகத்தான் வாங்குவார். காலை பதினொரு மணிக்கு மேல் போனால் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்.

அம்மா இப்போது தினமும் மாலையில் என் மகனோடு ஆடுகிறார். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று கத்தி எடுத்துக்கொள்வதில் இருவருக்கும் சண்டை. மைலோ டின் கொட்டைகள் கொஞ்சம் பெரிதாக இருப்பதால், பூங்காவில் மஞ்சாடி பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மலாய்க்காரர்கள் சாகா என்று சொல்லிச் சொங்காக்கில் போடுவதும் அதே சிவப்புக் கொட்டைதான்.

அடுத்ததாக அரிவாள்மனைக்குப் பலகை கேட்டிருக்கிறேன். ஈரத்தில் கிடக்கும் சாமான், ரப்பர் மரம் என்று வாயைத் திறக்காதே என்று அங்கிள் முதலிலேயே சொல்லிவிட்டார். இடித்த வீட்டிலிருந்து வந்த செங்கால் என்ற கடின மரத்துண்டு ஒன்று பட்டறை மூலையில் இருக்கிறது. மூன்று வாரமாம். ஆறு என்று வைத்துக்கொண்டேன்.