சக்கரப் பெட்டியா, கிட் பையா: போட்டிப் பயணத்துக்கு எது ஒத்துவரும்?

என் மகள் இறகுப்பந்துப் போட்டிகளுக்கு வெளியூர் போகத் தொடங்கிய மூன்று ஆண்டுகளாக, பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒருமுறையாவது மூட்டை கட்டும் வேலை நடக்கிறது. அவளுடன் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. மட்டை, துணிமணி எல்லாவற்றையும் 28 அங்குலச் சக்கரப் பெட்டியில் பூட்டிவிடுவோர் ஒரு பக்கம். ஆறு மட்டை கொள்ளும் கிட் பைக்குள்ளேயே ஒரு வாரக் குடித்தனத்தை அடக்கித் தோளில் மாட்டிக்கொள்வோர் மறுபக்கம். நாங்கள் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். விதிப்படி மட்டையின் நீளம் 680 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நீளமோ 55 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. ஆகவே கையோடு கொண்டுபோகும் சிறு டிராலியில் மட்டை நுழையவே நுழையாது. கிட் பையும் அந்த அளவை மீறியதுதான். மட்டை உறையை மட்டும் கையில் எடுத்துச்செல்ல எங்களைச் சில நேரம் விட்டார்கள், சில நேரம் விடவில்லை. அதை நம்பித் திட்டம் போட முடியாது. எதில் கட்டினாலும் அது விமானத்தின் அடிவயிற்றுக்குத்தான் போகும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே போகும் சாமானுக்குப் பெரும்பாலான விமானங்களின் சாதாரண வகுப்பில் 15 கிலோ வரை கட்டணமில்லை. எங்கள் சக்கரப் பெட்டி காலியாகவே நாலரைக் கிலோ இருக்கிறது. கிட் பை ஒன்றரைக் கிலோதான். இந்த மூன்று கிலோ வித்தியாசத்தில் ஒரு ஜோடி ஷூவும், நான்கைந்து ஆட்ட உடைகளும், துண்டுகளும் அடங்கிவிடும். ஆனால் பாதுகாப்பு என்று வந்தால் பெட்டிதான் மேல் என்பதை மறுக்க முடியாது. கார்பன் சட்டத்தில் விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, ஸ்ட்ரிங் இழுத்துக் கட்டும்போது படீரென்று உடைத்துவிடும். கிட் பையில் அனுப்பும்போது நாங்கள் மட்டைகளை நடுவில் வைத்து, தலைப்பகுதியைச் சுற்றித் துண்டுகளைத் திணித்து, இருபுறமும் துணிகளை அடுக்குகிறோம். இதுவரை ஒன்றும் உடையவில்லை.

ஷட்டில் டியூபுகளைச் சுமந்து செல்வது வீண்வேலை. போட்டியில் அவர்களே தருவார்கள். தவிர, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள பெங்களூரின் மெல்லிய காற்றுக்காக நாம் வாங்கும் வேகம் குறைந்த ஷட்டில், தாழ்வான ஊர்களில் சற்று முன்பாகவே விழுந்துவிடும்.

இரண்டு கட்சியும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருமுறை எங்கள் பெட்டி மறுநாள்தான் வந்து சேர்ந்தது. முதல் சுற்றோ காலை ஒன்பது மணிக்கு. மட்டையைத் தோழி கொடுத்தாள். ஷூவையும் ஒருத்தி கொடுத்தாள், ஆனால் அது அரை அளவு பெரியது. இரண்டாவது கேமில் குதிகாலில் கொப்புளம் கிளம்பி, தோற்று வெளியே வந்தவள், "மட்டைகூடப் பரவால்லப்பா, ஷூதான் படுத்திடுச்சு" என்றாள். அன்றிலிருந்து ஷூ, ஒரு ஆட்ட உடை, முழங்கால் பட்டை, மருந்து ஆகியவை முதுகுப் பையில் எங்களுடனேயே பயணம் செய்கின்றன. பவர் பேங்கும் அதில்தான் இருக்க வேண்டும், அதை அடியில் அனுப்ப அனுமதியே இல்லை.

ரயிலில் கணக்கு மாறுகிறது. மூன்றடுக்கு ஏசியில் 40 கிலோ வரை இலவசம் என்பதால் எடை ஒரு பொருட்டல்ல. ஆனால் பெரிய பெட்டியைக் கீழ் இருக்கைக்கு அடியில் தள்ளுவதற்குள் பக்கத்துப் பயணிகளின் முகம் சுண்டிவிடும், கிட் பையோ வளைந்து நெளிந்து உள்ளே போய்விடும். மேம்பாலப் படிக்கட்டிலும், மாவட்ட உள்ளரங்குகளின் ஜல்லி பரப்பிய வாசலிலும் சக்கரத்தால் எந்தப் பயனுமில்லை. எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு: பத்துக் கிலோ கிட் பையை ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒற்றைத் தோளில் தொங்கவிடுவது நல்லதல்ல. இரண்டு பட்டை உள்ளதை வாங்குங்கள். விமான நிலையத்தில் தள்ளுவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட, ஒரே ஊரில் தங்கும் முகாமுக்குப் பெட்டி. ஊர் ஊராக மாறும் போட்டிகளுக்குக் கிட் பையும் முதுகுப் பையும் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. இதில் பழுதுபார்ப்புக்கும் பங்குண்டு. பெட்டியின் சக்கரம் உடைந்தபோது அதே அளவில் மாற்றுச் சக்கரம் கிடைக்காமல் அது பரணுக்குப் போனது. கிட் பையின் ஜிப் வாய் பிளந்தபோது, சிவாஜிநகர்ச் சந்தில் தையல் எந்திரத்துடன் உட்கார்ந்திருந்த பெரியவர், "ரன்னர் மட்டும் மாத்துனா போதும் சார், பை இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்று சொல்லி, நாங்கள் ஒரு டீ குடித்து வருவதற்குள் சரிசெய்து கொடுத்துவிட்டார்.