புது லேப்டாப்போடு வரும் ட்ரையல் ஆன்டிவைரஸ்: கம்பம், போடி, குமுளிப் பக்கத்து மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஓணம் ஆஃபர் வந்துவிட்டால் கம்பம், கூடலூர், போடியிலிருந்து மலையேறி கட்டப்பனை, கோட்டயம் வரை போய் லேப்டாப் வாங்கி வருகிறவர்கள் அதிகம். தேனியிலேயே வாங்குகிறவர்களும் உண்டு. எந்தப் பக்கம் வாங்கினாலும் உள்ளே ஒரு ட்ரையல் ஆன்டிவைரஸ், அதாவது கொஞ்ச நாள் மட்டும் இலவசமாக ஓடும் வைரஸ் தடுப்புப் புரோகிராம், இருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்து மூன்று இடத்தில் காசு பிடுங்குகிறார்கள்: வாங்கும் அன்று கடையில், மெஷின் மெதுவானதும் சர்வீஸ் கடையில், ட்ரையல் முடிந்ததும் ஸ்கிரீனிலேயே.

கூடலூர்க் குடும்பம் ஒன்று இந்த மூன்றிலும் மாட்டியது. கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக வாங்கிய லேப்டாப். பில் போடும்போது கடைக்காரர், "ஆன்டிவைரஸ் போடாம எடுத்துட்டுப் போனா வாரன்டி கிளெய்ம் ஆகாது சார்" என்றிருக்கிறார். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பாக்ஸைப் பிரித்து அங்கேயே ஏற்றிக் கொடுத்தார்கள். பில்லில் அந்த ஆன்டிவைரஸின் பெயர்கூட இல்லை, வெறும் "சாஃப்ட்வேர் சார்ஜ்" என்று ஒரு வரி. கம்பெனியே போட்டு அனுப்பிய இன்னொரு ஆன்டிவைரஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் மெஷின் திணற ஆரம்பித்தது. சர்வீஸ் கடையில் ஃபார்மேட் பண்ண வேண்டும், ரேம் கூட்ட வேண்டும் என்று தனியாக ஒரு தொகை. ட்ரையல் முடிந்ததும் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று சிவப்புப் பெட்டி வந்து நின்றது. பயந்துபோய் அப்பா டெபிட் கார்டு நம்பரைப் போட்டார். அடுத்த வருடம் ஆட்டோ ரினியூவலில் முதல் வருடத்தைவிடப் பெரிய தொகை போனது.

முதலில் அந்த வாரன்டிப் பேச்சு. அது சுத்தப் பொய். லேப்டாப் வாரன்டி என்பது போர்டு, டிஸ்ப்ளே, கீபோர்டு, டிஸ்க் மாதிரியான பாகங்களுக்கு. கூட வந்த ட்ரையல் புரோகிராமை எடுத்துவிட்டாலும், வேறு ஆன்டிவைரஸ் எதுவும் போடாவிட்டாலும் அந்த வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது. அப்படிச் சொல்கிற கடைக்காரரிடம், "வாரன்டி கார்டில் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

விண்டோஸ் 8-லிருந்தே மைக்ரோசாஃப்ட் தன் சொந்த ஆன்டிவைரஸை உள்ளேயே வைத்துத்தான் தருகிறது. பெயர் டிஃபெண்டர். தனிக் காசு கிடையாது, ரினியூவல் கிடையாது, அப்டேட்டும் விண்டோஸோடு வந்துவிடும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சோதனைகளில் பல முறை முழு மதிப்பெண் வாங்கியது. வீட்டில் படிப்புக்கும் பில் கட்டுவதற்கும் ஏலக்காய்க் கணக்கு போடுவதற்கும் இதுவே போதும். அப்புறம் ஏன் லேப்டாப் கம்பெனிகள் இன்னொன்றை ஏற்றி அனுப்புகின்றன? ஆன்டிவைரஸ் கம்பெனிகள் அந்த இடத்துக்குக் காசு கொடுக்கின்றன, ட்ரையல் முடிந்து நீங்கள் கட்டும் பணத்தில் பங்கும் போகலாம். உங்கள் பாதுகாப்பைக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அல்ல அது.

வெளி ஆன்டிவைரஸ் ஒன்று விண்டோஸில் தன்னைப் பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தன் நேரடிக் கண்காணிப்பை நிறுத்திக்கொண்டு ஒதுங்கிவிடும். ட்ரையல் ஓடும்வரை அதில் பிரச்சினை இல்லை. முடிந்த பிறகுதான் சிக்கல். அந்த நிலையில் டிஃபெண்டர் மறுபடி வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் காலாவதியான புரோகிராம் தன் பதிவை விடாமல் வைத்திருந்தாலோ, யாரோ அதைப் பாதியில் அழித்து மிச்சம் நின்றாலோ, டிஃபெண்டர் எழுந்திருக்காது. பழையது புது வைரஸ் பட்டியலை இறக்காது, டிஃபெண்டரும் தூங்கும். மூலையில் ஆன்டிவைரஸ் ஐகான் மட்டும் இருப்பதால் வீட்டில் எல்லோரும் பாதுகாப்பு இருக்கிறது என்றே நினைப்பார்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் பார்த்துச் சரிசெய்வதென்றால் இதைச் செய்யுங்கள். எப்படிப் பார்ப்பது என்பது கீழே இருக்கிறது.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் மெஷின் ஏன் திணறுகிறது? ஒவ்வொன்றும் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஃபைலையும் இடைமறித்துப் படித்துப் பார்க்கும். முதலாவது படிப்பதற்காகத் திறந்ததை இரண்டாவது மறுபடி இடைமறிக்கும். குமுளியில் ஒரே ரோட்டில் இரண்டு செக்போஸ்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் லாரியின் மொத்த லோடையும் இறக்கி ஏற்றச் சொன்னால் என்ன ஆகுமோ அதேதான். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள மெஷினில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற தலைப்பைத் தட்டி எது மேலே நிற்கிறது என்று பாருங்கள். ஆன்டிவைரஸின் பெயர் மேலே இருந்தால் ரேம் வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக, அதாவது சுழலாத வேகமான டிஸ்க்காக, மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும் செலவு.

இன்னும் சில தொந்தரவுகளும் உண்டு. பிரவுசரில் தன் எக்ஸ்டென்ஷனைச் செருகும், தேடல் பக்கத்தை மாற்றும், விபிஎன் வாங்கு, கிளீனர் வாங்கு என்று நச்சரிக்கும். சில புரோகிராம்கள் பாதுகாப்பான இணையதளங்களையும் பிரித்துப் படிப்பதற்காகத் தங்கள் சொந்தச் சான்றிதழை (தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாளம்) விண்டோஸில் போட்டுவிடுகின்றன. பேங்க் பக்கத்தின் முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் குறியைத் தட்டிச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார்த்தால் ஆன்டிவைரஸின் பெயர் வரும். இந்த மாதிரி இடையில் புகும் வேலை தப்பாகச் செய்யப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2015-ல் லெனோவோ லேப்டாப்புகளில் முன்கூட்டியே போடப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பரப் புரோகிராம் உதாரணம். எல்லா மெஷினிலும் அதன் சான்றிதழுக்கு ஒரே சாவி இருந்ததால், அதைக் கண்டுபிடித்த யாரும் உங்கள் பேங்க் இணைப்புக்குள் புகுந்திருக்கலாம். தமிழ் தட்டச்சுக் கருவிகளும் இதில் அடிபடுவதுண்டு. விசைகளைப் பிடித்து எழுத்தாக மாற்றுவது அவற்றின் வேலை என்பதால் சில சமயம் ஆன்டிவைரஸ் அவற்றை வைரஸ் என்று சந்தேகித்துத் தூக்கிவிடும்.

இனிப் பணம். முதல் வருடம் விலை குறைவாக இருக்கும். ரினியூவலில் அது கூடும், ஆட்டோ ரினியூவல் தானாகவே டிக் ஆகியிருக்கும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2009-ல் இதே ஆட்டோ ரினியூவலைத் தெளிவாகச் சொல்லாமல் காசு எடுத்ததற்காக சிமான்டெக், மெக்காஃபி என்ற இரண்டு ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தலா 3,75,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டன. நமக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகக் காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் மெசேஜ் வர வேண்டும், அதை வேண்டாம் என்று நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். பேங்க் ஆப்பில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் அல்லது மேண்டேட் என்ற பகுதியில் அதை ரத்து செய்யலாம். யுபிஐ-யில் கொடுத்திருந்தால் அந்த ஆப்பின் ஆட்டோபே பகுதியில். லேப்டாப்பிலிருந்து ஆன்டிவைரஸை அழித்தால் மட்டும் ரினியூவல் நிற்காது. இதைத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

போலிகள் தனி. ட்ரையல் முடிந்ததாக வரும் பெட்டிகளில் பலவற்றுக்கு அந்த ஆன்டிவைரஸோடு சம்பந்தமே இருக்காது. ஏதோ ஒரு தளத்தில் "அலோ" என்று அழுத்தியதால் பிரவுசர் வழியாக வருபவை. கண்டுபிடிப்பது எளிது: பெட்டியில் சிறிய எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்றும் ஏதோ ஓர் இணைய முகவரியும் இருக்கும். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். உங்கள் சந்தா ரினியூ ஆகிவிட்டது, ரத்து செய்ய இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று மெயில் வந்தால் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் தூரத்திலிருந்தே உங்கள் மெஷினை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்வார்கள், ரீஃபண்ட் தருகிறோம் என்று பேங்கைத் திறக்கச் சொல்வார்கள், அத்தோடு கணக்கு காலி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை இடையில் நிறுத்த அத்தனை வாய்ப்பு.

எடுப்பது எப்படி? புது மெஷினைத் திறந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய், அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்: ஆன்டிவைரஸ் தனி, பிரவுசர் உதவியாள் தனி. "தங்கினால் தள்ளுபடி" என்று கெஞ்சும் பக்கங்களைத் தாண்டிப் போங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது இதற்குச் சமம் இல்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையில் பாதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும், எனவே ரீஸ்டார்ட் என்பதையே அழுத்துங்கள்.

இதோடு பெரும்பாலும் முடியாது, டிரைவர்களும் சர்வீஸ்களும் மிச்சம் இருக்கும். பெரும்பாலான ஆன்டிவைரஸ் கம்பெனிகள் மிச்சத்தைத் துடைக்கத் தனிக் கருவி தருகின்றன. மெக்காஃபிக்கு எம்சிபிஆர், நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவி ரிமூவர், அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர். அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகிளில் தேடினால் மேலே வரும் விளம்பரங்களில் போலிகள் உண்டு. ரைட் கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். முடிந்ததும் இன்னொரு ரீஸ்டார்ட்.

அதன் பிறகு இன்டர்நெட் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பழைய ஃபயர்வாலின் நெட்வொர்க் வடிகட்டி மாட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட். வைஃபை பாஸ்வேர்டுகள் அழிந்துவிடும், முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் போங்கள். ஆன்டிவைரஸ் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஓடுகிறது என்று இருக்க வேண்டும். பழைய பெயர் இன்னும் அங்கே இருந்தால் துடைப்பது முடியவில்லை என்று அர்த்தம், கருவியை மறுபடி ஓட்டுங்கள். பிறகு வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் ரியல் டைம், கிளவுட், டேம்பர் மூன்றும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அங்கேயே செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்தி, கடைசியாக எந்தத் தேதியில் அப்டேட் ஆனது என்று சரிபாருங்கள். ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில் ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் உள்ளே, வேண்டாத ஆப்களைத் தடுக்கும் விருப்பத்தையும் ஆன் செய்யுங்கள்.

வண்டன்மேடு, புற்றடிப் பக்கம் எஸ்டேட்டில் இருப்பவர்கள், போன் ஹாட்ஸ்பாட்டில் ஏலக்காய் விலை பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் ஆன் செய்தால் விண்டோஸ் பெரிய அப்டேட்களை நிறுத்தி வைக்கும், நாள் டேட்டா மிஞ்சும். ஆனால் டிஃபெண்டரின் அப்டேட்டும் தள்ளிப்போகலாம். ஆகவே வாரம் ஒரு முறையாவது நீங்களே செக் ஃபார் அப்டேட்ஸ் அழுத்துங்கள்.

ஃபார்மேட் செய்யக் கொடுக்கிறவர்கள் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். "ரீசெட் திஸ் பிசி" போட்டால் அதே ட்ரையல் ஆன்டிவைரஸ் திரும்ப வந்து உட்காரலாம். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து விண்டோஸை ஏற்றினால் சுத்தமாக வரும். லைசென்ஸ் போர்டிலேயே இருப்பதால் அதே எடிஷனை ஏற்றினால் தானே ஆக்டிவேட் ஆகும், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் டிஸ்க் பூட்டியிருக்கலாம் என்பதால், கொடுக்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மகளின் புராஜெக்ட், போட்டோ எல்லாம் போனால் யாராலும் மீட்க முடியாது.

"சும்மா கிடைக்கிற ஆன்டிவைரஸாவது போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: அவாஸ்ட் தன் பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது வெளியானது. 2020-ல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள், 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களிடம் "இந்த ஆன்டிவைரஸ் போட்டா போதும்" என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள். 2025 அக்டோபர் 14-ல் அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸில் இருக்கும் ஓட்டையை எந்த ஆன்டிவைரஸும் அடைக்காது.

ஏற்கெனவே காசு கொடுத்து ஏமாந்தவர்கள், கடை கேரளாவில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது எங்கே என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, அதாவது தேனியிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள், பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். இதற்கெல்லாம் பில் வேண்டும். "சாஃப்ட்வேர் சார்ஜ்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாமல், ஆன்டிவைரஸின் பெயர், எத்தனை வருடம், எவ்வளவு விலை என்று தனி வரியாக எழுத வைத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த பாக்ஸைக் கவுன்டரிலேயே வைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் எடுத்து வாருங்கள்.